எங்க வேணாலும் சரி

பயப்படுவதுதான் எனக்குத் தொழில் என்று என் கணவர் சொல்வார். கேலிதான், ஆனால் பொய்யில்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கும் சின்ன நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். விடுமுறைக்கு எங்கே போவதென்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு இடம் தேர்ந்து கொடுத்து, அறையும் போட்டுத் தருகிற கைப்பேசிச் செயலி எங்களுடையது. அதன் திரைகளை வடிவமைப்பவள் நான். எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதை அழுத்தினால் எது திறக்க வேண்டும் என்பதெல்லாம் என் தலையில். ஒரு தீவின் படம் வந்தால் ஆபீசில் எல்லாரும் நீலத் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் படகில் மிதவைச் சட்டை கிடக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். மலைப் படம் வந்தால் எனக்கு அதன் பாதையும் வளைவும்தான் கண்ணில் படும்.

நான் உள்நாட்டில் சாஆ என்ற சின்ன ஊரில் வளர்ந்தவள். மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். வெயில் பளீரென்று அடிக்கும், நாய்கள் வெயிலில் படுத்திருக்கும், செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் வரும். பள்ளி மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த நாட்களில் எனக்குள் போய் உட்கார்ந்த பயம் இன்னும் எழுந்து போகவில்லை. அதை யாரிடமும் மறைத்ததுமில்லை.

மறைக்காததுதான் வினையாகப் போயிற்று. எங்களுக்கு ஒரே மகள், பத்து வயது. ஷவரைத் திறந்தால்கூட முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டி நிற்பாள். பள்ளியில் நீச்சலுக்கு அழைத்துப் போன அன்று வயிற்று வலி என்று படுத்துவிட்டாள். அவளுக்கு நான் சோறூட்டும்போதே சொல்லி வளர்த்த பாடங்கள் இவை: தெரியாத தண்ணீரில் கால் வைக்காதே, தண்ணீர் நிறம் மாறினால் நிற்காதே, வாகனம் நிற்கும்வரை கதவைத் திறக்காதே, அப்பா வரச் சுணங்கினால் எனக்குப் போன் செய். அவள் ஒன்றையும் மறக்கவில்லை.

"நீ ஒருத்தி பத்தாதா? பிள்ளையையும் இப்படியே வளக்கிற லா" என்பார் கணவர். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. இந்த வீட்டுல பகல்லயே பேய்."

அவர் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். ஞாயிறு ஒன்றுதான் லீவு. முன்பெல்லாம் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி; ஞாயிறு பள்ளி நாள். அவருக்கு லீவு என்றால் இவளுக்குப் பள்ளி, இவளுக்கு லீவு என்றால் அவர் பாலத்தில் நிற்பார். அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்வதே சாப்பாட்டு நேரத்தில்தான். வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதும் அவர் பண்ணிய அலம்பல் கொஞ்சநஞ்சமில்லை. இனி ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையை வெளியே கூட்டிப் போவேன், தண்ணீர்ப் பயத்தைத் தெளியவைப்பேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு எரிச்சலாகவும் வந்தது.

இங்கே அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செயலியைச் சோதித்துப் பார்க்கச் சில குடும்பங்களை ஆபீசுக்கு வரவழைத்தோம். கடலா மலையா, ஊரா காடா, யாரோடு போகிறீர்கள் என்று கேள்விகள் வரும். பதிலுக்கேற்ப ஓர் இடம் வரும். சீனக் குடும்பமும் மலாய்க் குடும்பமும் மளமளவென்று அழுத்திக்கொண்டு போனார்கள். நம் தமிழ் ஆட்கள் முதல் கேள்வியிலேயே நின்றார்கள். மனைவி கணவரைப் பார்ப்பார். கணவர் தன் அம்மாவைப் பார்ப்பார். அம்மா, "எனக்கென்னா இருக்கு, புள்ளைங்கள கேளு" என்பார். பிள்ளை, "எங்க வேணாலும் சரி" என்பான். வாய்விட்டு ஓர் இடத்தைக் கேட்டுவிட்டால், பிறகு அங்கே சோறு வேகாவிட்டாலும் பழி கேட்டவர் தலையில் விடியும். அதனால் யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டில் எல்லாரும் மாறி மாறி விட்டுக்கொடுத்து, கடைசியில் யாருக்கும் பிடிக்காத இடத்துக்குப் போய் வருவது நமக்குப் பழக்கம்தானே.

அதைப் பார்த்துத்தான் நான் முதல் திரையிலேயே ஒரு பொத்தான் வைத்தேன். 'எங்க வேணாலும் சரி' என்று எழுதினேன். எழுத்துத் தமிழில் வை என்றார்கள், மறுத்துவிட்டேன். நம் வாயில் வருகிறபடியே இருந்தால்தான் விரல் போகும் என்றேன். போனது. சோதித்தவர்களில் பாதிக்கு மேல் அதைத்தான் அழுத்தினார்கள். எங்கள் முதலாளி சீனர், நல்ல மனிதர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் தோளில் தட்டாத குறை. அதோடு விட்டிருக்கலாம். இவ்வளவு பேர் அழுத்தும் பொத்தான் சும்மா இருக்கலாமா என்று யோசித்து, எங்களோடு சிறப்பு ஒப்பந்தம் போட்ட இடத்தையே அது காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

அந்த வாரம் அப்படிக் காட்டிய இடம் ஒரு மலையடிவாரம். பெயர் சொல்லப் போவதில்லை. பலகை வீடுகள் சில, பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறு, குளிப்பதற்குத் தோதாக ஒரு மடு. நடத்துகிறவர் ஒரு மலாய்ப் பெரியவர். படம் எடுக்கப் போனது என் பக்கத்து மேசைப் பெண். பொந்தியானிலிருந்து வந்து வேலை செய்கிறாள், என்னை அக்கா என்பாள், வாடிக்கையாளர் போன் வந்தால் எடுப்பது அவள் வேலை. நல்ல வெயில் நாளில் எடுத்த படம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்ததுமே மடுவிலிருந்து மேலே ஏற வழி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த மாதிரி ஆறுகளில் கெப்பாலா ஆயர் வரும். தண்ணீரின் தலை என்று அர்த்தம். மேலே மலையில் மழை கொட்டும், கீழே சொட்டு விழாது, குளித்துக்கொண்டிருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள், திடீரென்று ஆறு மொத்தமாக வந்து இறங்கும். இரண்டு வரி எச்சரிக்கை எழுதிப் படத்துக்கு மேலேயே வைத்தேன். மலைப் பக்கம் கருத்தால், தண்ணீர் கலங்கினால், இலைதழை மிதந்து வந்தால் உடனே மேலே ஏறுங்கள் என்று. தவுக்கே படித்துவிட்டுச் சிரித்தார். கல்யாண அழைப்பிதழில் யாராவது விவாகரத்து பற்றி எழுதுவார்களா என்று கேட்டார். எச்சரிக்கை கீழே போயிற்று. 'மேலும் அறிய' என்பதை அழுத்தினால் திறக்கும் பக்கத்தின் அடியில். நான் இரண்டு முறை வாதாடினேன். மூன்றாவது முறை, பயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று அவர் மரியாதையாகச் சொன்னார்.

திங்கட்கிழமை வெளியீடு. அதனால் ஞாயிறும் எனக்கு ஆபீஸ். காலையில் நான் கிளம்பும்போது அப்பாவும் மகளும் கார் சாவியோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். செயலியின் சோதனைப் பிரதி அவர் போனிலும் இருந்தது, நானே ஏற்றிக் கொடுத்தது.

"எங்க போறீங்க?" என்றேன்.

"ஒன் ஆப்பையே கேட்டுக்கிறோம். நீ போய் வேலைய பாரு."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. நான் தலையை வாரிவிட்டு, "அப்பா கூடவே இரு பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மதியம் கூட்டம் முடிந்து மேசைக்கு வந்தபோது போனில் அவருடைய குரல் செய்தி காத்திருந்தது. பின்னால் கடைச் சத்தம், யாரோ தே தாரேக் டீ கேட்கிறார்கள். "ஒன் பொத்தானத்தான் அழுத்துனேன். நல்ல எடமாத்தான் காட்டுது. நாசி லெமாக் பொட்டலம் வாங்கிட்டோம், உள்ள போனா லைன் இருக்காதாம். இன்னிக்கு இவள தண்ணியில எறக்கிட்டுத்தான் வருவேன். பயப்படாத." கூடவே ஒரு படம். முச்சந்தியில் நிற்கும் பலகைக்குப் பக்கத்தில் என் மகள், உதட்டை இழுத்துச் சிரிக்க முயற்சி செய்துகொண்டு. பலகையில் இருந்த பெயரை நான் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன்.

செய்தி வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் ஜன்னலுக்குப் போனேன். எங்கள் பக்கம் வெயில். போனில் மழை வரைபடத்தைத் திறந்தேன். அந்த மலைக்கு மேல் சிவப்பு, நடுவில் ஊதா. அது நகரவில்லை. ஒரே இடத்தில் நின்று பெய்துகொண்டிருந்தது.

அவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. அவர் தண்ணீரில் நிற்பார், இவளை வா வா என்று கூப்பிடுவார், கொஞ்ச நேரம் அடம் பிடித்துவிட்டு அப்பாவின் ஆசைக்காக இவளும் இறங்குவாள் என்று வரிசையாகத் தெரிந்தது. முதன்முதலாக, என் பிள்ளை அப்பா பேச்சைக் கேட்கக்கூடாது என்று வேண்டினேன்.

அந்த இடத்துக்கே அடித்துவிடலாம் என்று தோன்றியது. செயலியைத் திறந்து, அந்தப் பக்கத்துக்குப் போய், பச்சை நிறப் போன் படத்தை அழுத்தினேன்.

பக்கத்து மேசையில் போன் அடித்தது.

பொந்தியான் பெண் எடுத்தாள். "வணக்கம், உங்க பயணத்துக்கு நாங்க எப்படி ஒதவலாம்?" என்றாள். அந்தக் குரல் என் இடது காதில் மேசைப் பக்கமிருந்தும் வலது காதில் போனிலிருந்தும் கேட்டது. அவள் "ஹலோ, ஹலோ" என்றாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

எந்த இடத்தின் பக்கத்திலிருந்து அழைத்தாலும் போன் எங்களுக்குத்தான் வரும். நேரடி எண்ணைக் கொடுத்தால் ஆட்கள் எங்களை விட்டுவிட்டு அவர்களோடே பேசி முடித்துக்கொள்வார்கள் என்பதால் தொழிலில் எல்லாரும் செய்வது அது. அந்தப் பச்சைப் படத்தை வரைந்ததே நான். எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்துவிட்டது. கையில் உதவி இருக்கிறது என்று காட்டுவதற்காக அதைப் பெரிதாக, கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தேன். நானே நம்பி அழுத்தினேன்.

"அக்கா, என்னாச்சு?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் மழை வரைபடத்தைப் பார்த்தாள். தன் சொந்தப் போனை எடுத்துத் தேடத் தொடங்கினாள். "பாக்சிக் நம்பர் இருக்குக்கா. படம் எடுக்கப் போனப்ப என் நம்பரையும் வாங்கிக்கிட்டாரு. டுரியான் பழுத்தா வேணுமானு மெசேஜ் போடுவாரு. ஆபீஸ்ல சொல்லாதீங்க." பாக்சிக் என்று அவள் சொன்னது அந்த மலாய்ப் பெரியவரை.

அவர் முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மதியத் தூக்கமாக இருக்கும் என்றாள் அவள். மூன்றாவதில் எடுத்தார். இங்கே வெயில்தானே அடிக்கிறது, என்ன விஷயம் என்று தூக்கக் குரலில் மலாயில் கேட்டார். போனைப் பிடுங்கி நான் பேசினேன். மலைப் பக்கம் பாருங்கள் பாக்சிக், மலையைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் மலையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அல்லாவை அழைத்தார். செருப்பு தரையில் அடித்துக்கொண்டு ஓடுவது கேட்டது, மோட்டார் சைக்கிளை உதைப்பது கேட்டது, முதல் உதையில் கிளம்பவில்லை, இரண்டாவதில் கிளம்பியது. அவர் வீட்டு வைஃபை எட்டுகிற தூரம் முடிந்ததும் அழைப்பு துண்டித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. இத்தனை வருடம் நான் பட்டதையெல்லாம் பயம் என்று நினைத்திருந்தேன். அவையெல்லாம் சும்மா. உண்மையான பயம் வந்தபோது வயிறு கலங்கவில்லை, வியர்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பொந்தியான் பெண் கிறிஸ்துவப் பெண், கண்ணை மூடி வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் மாரியம்மனைக் கூப்பிட நினைத்தேன், பெயரே வாயில் வரவில்லை. தவுக்கே அறையிலிருந்து வெளியே வந்தார், எங்களைப் பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

என் கணவர் லைன் கிடைக்கும் இடத்துக்கு வந்து போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. பொந்தியான் பெண்தான் எடுத்து என் காதில் வைத்தாள்.

"நல்லா இருக்கோம்" என்றார். அவ்வளவுதான்.

"பாப்பா?"

"கார்ல இருக்கா. நல்லா இருக்கா."

உயிர் போய் உயிர் வந்தது என்பார்கள். எனக்குப் போனதில் பாதிதான் திரும்பி வந்தது.

மாலையில் வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்தார். சட்டையும் இல்லை, காரில் கிடந்த மழை ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். மகள் ஆற்றில் இறங்கவேயில்லை. கெஞ்சிப் பார்த்திருக்கிறார், மிரட்டிப் பார்த்திருக்கிறார், ஐஸ்கிரீம் ஆசை காட்டியிருக்கிறார். அவள் பாறைக்குக்கூட வராமல் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் இவர் தனியாக இறங்கியிருக்கிறார், ஒன்றும் ஆகாது பார் என்று அவளுக்குக் காட்ட. அங்கே இன்னும் இரண்டு குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. பெரியவர் மோட்டாரில் கத்திக்கொண்டு வந்ததும், காரை வழியில் நிறுத்தியதற்குத் திட்டுகிறார் என்று நினைத்தார்களாம். அவர் தண்ணீரிலேயே இறங்கி, பிள்ளைகளைப் பிடித்து இழுத்து, மேலே தள்ளியிருக்கிறார். எல்லாரும் ஏறி முடித்ததும் ஆறு வந்தது. பாய், சோற்றுப் பானை, ஐஸ் பெட்டி, இவருடைய சட்டை, செருப்பு எல்லாம் போயிற்று.

"தலைக்கு வந்தது செருப்போட போச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு, நல்ல வேளை நீ இறங்கலை, நல்ல வேளை அம்மா சொன்னதைக் கேட்டே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்பா தண்ணியில இருந்தாரு" என்றாள். "நான் ஹாரன் அடிச்சேன். தண்ணி கலர் மாறுச்சு. அடிச்சிக்கிட்டே இருந்தேன். அவர் சிரிச்சிக்கிட்டு கை ஆட்டுனாரு."

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்து, அம்மா சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் நடப்பதை அவள் தனியாகப் பார்த்திருக்கிறாள்.

வெளியீடு ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. தவுக்கே எச்சரிக்கையைப் படத்துக்கு மேலே கொண்டுவந்தார், நான் எழுதியபடியே, ஒரு சொல் மாற்றாமல். ஆறு, அருவி, தீவு எல்லாவற்றுக்கும் நேரடி எண்ணைப் போடவும் ஒப்புக்கொண்டார். பாக்சிக்குக்கு ஒரு கூடைப் பழமும் என் கணவர் வாங்கிய புதுச் சட்டையும் போயின. அவர் பதிலுக்கு டுரியான் அனுப்பினார். வேலையை நான் விடவில்லை. பொத்தான் இன்னும் இருக்கிறது, இன்னும் பாதிப் பேர் அதைத்தான் அழுத்துகிறார்கள். காலையில் ஆபீசுக்கு வந்ததும் அது காட்டும் இடத்தின்மேல் மழை இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

போன ஞாயிறு மகள் என் போனை வாங்கிச் செயலியைத் திறந்தாள். எங்காவது போக அவளுக்கே ஆசை வந்துவிட்டதோ என்று நான் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைத் தள்ளினாள். ஆற்றைத் தள்ளினாள். மலை, தீவு, காடு, ஊர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய்க் கடைசிக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, இதுல வீடு இல்லையா?"

"இல்ல பாப்பா. இது வெளிய போறவங்களுக்கு."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் மோட்டார் சாவியை எடுத்தார். அவள் சட்டென்று எழுந்தாள்.

"அப்பா, எங்க போறீங்க?"

முன்பெல்லாம் இதற்கு அவர் ஒழுங்காகப் பதில் சொன்னதே கிடையாது. ஊர் சுற்ற, உலகத்தைச் சுற்ற என்று ஏதாவது கேலியாகச் சொல்லிவிட்டுப் போவார். அன்று ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்தார். "முச்சந்தி கடைக்கு. ரொட்டி சானாய் வாங்க. மெயின் ரோட்டுல போகமாட்டேன், பின்னால சந்து வழியா போறேன். வாங்குனதும் வந்துடுவேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் போனதும் வாசல் கிரிலுக்கு வந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் இறுக்கி. தினமும் சாயங்காலம் அவர் பாலம் தாண்டி வரும் நேரத்தில் நான் நிற்பதும் அங்கேதான், பிடிப்பதும் அப்படித்தான். உள்ளே வா என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மோட்டார் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் அந்தக் கம்பியை விடவில்லை.